நெல்லஞ்சோறும் பேத்தி கேட்ட கேள்விகளும்

போன பதிவுல கொழுக்கட்டைப் புல்லு பத்தி எழுதினதைப் படிச்சுட்டு வெதை கெடைக்குமான்னு நெறையப் பேர் கேட்டிருந்தீங்க. மழை பேஞ்சு வெதை முத்தினதும் சொல்றேன். இந்த வாட்டி புல்லு இல்லீங்க, சோறு.

என்ற பேத்திக்கு ஆறு வயசு. பகல்ல பள்ளிக்கூடம், சாயந்திரம் ஆட்டுக்குட்டி. அதனால அன்னைக்குத் தோணின கேள்வி எல்லாத்தையும் சேத்து வச்சு, ராத்திரி தட்டுக்கு முன்னாடி ஒக்காந்ததும் ஒவ்வொண்ணா அவுத்து விடுவா. நாங்க பசங்களா இருக்கறப்ப சோத்துல கைய வச்சுட்டு வாயத் தொறந்தா எங்கப்பா ஒரு பார்வை பாப்பார், அதோட சரி. இப்ப அந்தப் பார்வை எல்லாம் செல்லாதுங்க. நான் பத்தாவது வரைக்கும் படிச்சவன். எம்மருமவ காலேஜ் படிச்சவ. ஆனா பேத்தியோட கேள்வியில முக்கால்வாசி எங்கம்மாகிட்டத் தான் போய் நிக்கும். அவங்களுக்கு எம்பது தாண்டிருச்சு. பேத்திக்குப் பெரியாத்தா. கண்ணு கொஞ்சம் மங்கல், ஞாபகம் மட்டும் என்னைவிடக் கெட்டி.

முதல் கேள்வி ஒரு வார்த்தையில இருந்து வந்துச்சு. "கண்ணுக்கு இன்னும் ரெண்டு கை நெல்லஞ்சோறு போடு"ன்னு அம்மா சொன்னாங்க. இவ உடனே, "சோறுன்னாலே நெல்லுல தானுங்க வரும் பெரியாத்தா, அப்பறம் எதுக்கு நெல்லஞ்சோறுன்னு சொல்றீங்க?"ன்னு கேட்டுட்டா.

நாங்க எல்லாரும் சிரிச்சோம். ஆனா யோசிச்சுப் பாத்தா எங்க ஊரு சரித்திரம் பாதி அந்த ஒத்தை வார்த்தைக்குள்ள இருக்குது. அம்மா சின்னப் புள்ளையா இருந்த காலத்துல சோறுன்னா கம்பஞ்சோறு, இல்லைன்னா சோளச்சோறு. காலையில ராகிக் கூழு, ராத்திரிக்குக் களி. அரிசி பொங்கினா அதுக்கு மட்டும் தனியாப் பேர் சொல்லோணும், நெல்லஞ்சோறுன்னு. அதுவும் தீவாளி, பொங்கல், கலியாணம், எழவு, ஒடம்புக்கு முடியாதவங்க, புதுசா வந்த மாப்பிள்ளை, இவ்வளவுக்குத் தான். இன்னைக்கு அது தலைகீழாப் போச்சு. சோறுன்னு சும்மா சொன்னா அரிசி. கம்புக்குத் தான் 'கம்பஞ்சோறு'ன்னு முன்னால ஒட்டுப் போட வேண்டியிருக்குது. அம்மாவோட நாக்கு மட்டும் பழைய காலத்துலயே நிக்குது.

"ஏனுங்க அப்பாரு, அப்ப அரிசி இல்லையா?"

இருந்துச்சு, ஆனா இங்க இல்லை. எங்களுது சென்னிமலைக்குத் தெக்க. வருசத்துக்கு 700 மில்லிமீட்டர் வாக்குல மழை. அதுவும் ஐப்பசி கார்த்திகையில தான் அதிகம், அதையும் நம்ப முடியாது. அந்த மழைய வச்சுக்கிட்டு நெல்லு போட முடியாது. கம்பு, சோளம், ராகி, சாமை, கொள்ளு, இதுதான் வரும். கெணத்துல தண்ணி இருந்தா மாட்டைக் கட்டிக் கவலை ஓட்டி ஒரு துண்டு நெலத்துல ராகி நாத்து நடுவாங்க. அதுக்காக ஈரோட்டுச் சீமை பூராவும் இப்படித்தான்னு நெனச்சுக்காதீங்க. கொடிவேரி அணையில இருந்து போற தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால் பாசனமும், 13ஆம் நூற்றாண்டுல வெட்டினதாச் சொல்ற காலிங்கராயன் வாய்க்காலும் இருக்கற பக்கம் நெல்லு ரொம்பப் பழசு. காலிங்கராயன் வாய்க்கால் சுமார் 90 கிலோமீட்டர் வளைஞ்சு வளைஞ்சு போகுது. அந்தக் கரை ஊருகளுக்கும் எங்க ஊருக்கும் மாட்டு வண்டியில அரை நாள் தூரம். ஆனா சாப்பாட்டுல ரெண்டும் வேற வேற தேசம். எங்க அப்பத்தா காலத்துல பொண்ணுக்கு மாப்பிள்ளை பாக்கறப்ப 'அது நெல்லஞ்சோத்து ஊரு'ன்னு சொன்னா, அதுக்கு மேல சொத்துபத்து ரொம்ப விசாரிக்க மாட்டாங்களாம்.

எங்க பக்கம் இதை மாத்தினது கீழ்பவானி வாய்க்கால். 1948ல வேலை ஆரம்பிச்சு 1955ல முடிஞ்சுது. பவானிசாகர் அணை முக்கால்வாசி மண்ணுலயே கட்டினது, நீளம் மட்டும் 8 கிலோமீட்டருக்கு மேல. அங்கிருந்து 200 கிலோமீட்டருக்கு வாய்க்கால். பாசனம் 2 லட்சத்து 7 ஆயிரம் ஏக்கர். இது வரோணும்னு விடாமப் பாடுபட்டவர் தியாகி எம்.ஏ. ஈஸ்வரன். எங்க பக்கத்துப் பசங்க நெறையப் பேருக்கு அவர் பேரு கூடத் தெரியாதுங்கறது எனக்குப் பெரிய வருத்தம்.

இந்தத் திட்டத்துல ஒரு விசேசம் உண்டு. தண்ணிய எல்லாருக்கும் ஒரே சமயத்துல குடுக்க மாட்டாங்க. பாதி நெலத்துக்கு ஆகஸ்ட் மாசத்துல தொறந்து நாலு மாசம் நஞ்சைக்குக் குடுப்பாங்க. மீதிப் பாதிக்குத் தை மாசம் வாக்குல புஞ்சைப் பயிருக்குக் குடுப்பாங்க, கடலைக்காய், எள்ளு மாதிரி. அடுத்த வருசம் மடை மாறும். அதனால எங்களுக்கு நெல்லு வருசம், கடலைக்காய் வருசம்னு மாறி மாறி வரும். பேத்திக்கு இதைப் புரிய வைக்க ஊறுகாய் ஜாடிய நடுவுல வச்சு, இன்னைக்கு உனக்கு, நாளைக்கு உங்கப்பனுக்குன்னு காட்டினேன். "தினமும் ரெண்டு பேருக்கும் கொஞ்சம் கொஞ்சம் குடுத்தா என்னங்க?"ன்னா. இந்தக் கேள்விக்காக எங்க வாய்க்கால்ல எத்தனை கூட்டம், எத்தனை வழக்கு, எத்தனை உண்ணாவிரதம்! ஆறு வயசுல கேட்டுட்டா.

"பெரியாத்தா, தண்ணி வந்தன்னைக்கு நீங்க பாத்தீங்களா?"

அம்மாவுக்கு அப்பப் பன்னெண்டு பதிமூணு வயசு. பாத்தாங்களாம். காஞ்ச வாய்க்காலுக்குள்ள தண்ணி வேகமா வராதாம், நுரையும் சருகும் செத்தையும் தள்ளிக்கிட்டு மெதுவா நடந்து வருமாம். பசங்க எல்லாம் அதுக்கு முன்னால முன்னால ஓடுனாங்களாம். கரையில கெழவிங்க சூடம் பத்த வச்சுக் கும்பிட்டாங்களாம். பொந்துல இருந்து தேளும் பாம்பும் கரையேறி ஓடுனதுல ஒருத்தரும் பயப்படலையாம். பேத்தி சாப்பிடறத நிறுத்திட்டுக் கேட்டுக்கிட்டிருந்தா. நானே இதை முழுசா அன்னைக்குத் தான் கேட்டேன். அம்பது வருசமா ஒரே ஊட்டுல இருந்தும் நான் கேட்டதில்லை, அவங்களும் சொன்னதில்லை.

அப்பறம் நெல்லு எங்கிருந்து வந்துச்சுன்னு கேட்டா. நம்ம தட்டுல இருக்கறது வெள்ளைப் பொன்னி. 1986ல தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்டது. பேரைப் பாத்தா காவேரிக் கரையிலயே பொறந்த மாதிரி இருக்கும். ஆனா அதோட பாட்டி ஊரு மலேசியா. மசூரின்னு ஒரு ரகம். அந்த மசூரிக்கு ஒரு பக்கத்து வேரு தைவான்ல, இன்னொரு பக்கத்து வேரு மலேயாவுல. ரெண்டையும் கலந்து ஒட்டுக் கட்டின வேலை நடந்தது ஒடிசாவுல இருக்கற கட்டாக் நெல் ஆராய்ச்சி நிலையத்துல. ஆடுதுறை 27ம் அதே கலப்பு வேலையில வந்தது தான். 1966ல பிலிப்பைன்ஸ்ல இருந்து ஐ.ஆர். 8 வந்துச்சு. குட்டைப் பயிர், உரம் போட்டாலும் சாயாது. ஆனா சோறு நல்லா இருக்காது, ஆறினா வெறைச்சுக்கும்னு அம்மா இப்பவும் மூஞ்சியச் சுளிப்பாங்க. வட ஆற்காட்டுப் பக்கம் ஒரு விவசாயி அந்த வெளைச்சலப் பாத்த சந்தோசத்துல மகனுக்கே ஐ.ஆர். எட்டுன்னு பேர் வச்சுட்டாராம். இதைச் சொன்னதுல இருந்து எங்க ஊட்டு ஆட்டுக்குட்டி ஒண்ணுக்குப் பேரு ஐ.ஆர். எட்டு.

மொளகாய், தக்காளி, உருளைக்கெழங்கு, கடலைக்காய், மக்காச்சோளம், இது எல்லாமே அமெரிக்கக் கண்டத்துல இருந்து வந்ததுன்னு சொன்னப்ப அவளவிட எம்பொஞ்சாதிக்குத் தான் ஆச்சரியம். வாஸ்கோ ட காமா கள்ளிக்கோட்டைக்கு வந்தது 1498ல. அதுக்கப்பறம் போர்ச்சுக்கல்காரங்க கப்பல்ல வந்தது தான் மொளகாய். அதுக்கு முன்னால காரம்னா மொளகு. மொளகு மாதிரி காரமா இருக்கற காய், அதனால மொளகாய். "அப்ப ராஜராஜ சோழன் தக்காளிச் சோறு தின்னதே இல்லையா?"ன்னு கேட்டா. இல்லை கண்ணுன்னேன். பாவம்னு சொல்லீட்டு அப்பளத்த ஒடச்சா.

கம்பு பத்தி ஒண்ணு சொல்லோணும். 2023ஆம் வருசத்த ஐ.நா. சபை சிறுதானிய ஆண்டுன்னு அறிவிச்சதுல இருந்து எங்க போனாலும் கம்பு, தினை, சாமை பத்தித் தான் பேச்சு. நல்லது தான், வெலை கெடைச்சா நானும் போடுவேன். ஆனா பழைய காலத்துல எல்லாரும் கம்பு தின்னு கல்லு மாதிரி இருந்தாங்கன்னு மேடையில பேசறவங்க ஒருத்தரும் உலக்கை புடிச்சதில்லை. கம்பை ஈரம் தெளிச்சு உரல்ல போட்டுக் குத்தி, மொறத்துல பொடைச்சு உமிய எடுத்து, மறுபடி எடிச்சு, அப்பறம் தான் அடுப்பு. கோழி கூப்பிடறதுக்கு முன்னால ஏந்திரிச்சு பத்துப் பேருக்குக் கம்பு எடிக்கோணும், அதுக்கப்பறம் காட்டு வேலை. அம்மாவோட உள்ளங்கையப் புடிச்சுப் பாத்துட்டு "ஏனுங்க இங்க மட்டும் இப்படிக் கெட்டியா இருக்குது?"ன்னு பேத்தி கேட்டதுக்கு, "அது கம்பு சாமி"ன்னு ஒரே வார்த்தையில பதில் சொன்னாங்க. ரைஸ் மில்லு வந்ததும் எங்க ஊருப் பொம்பளைங்க கம்பை ஏன் அவ்வளவு வேகமா விட்டாங்கன்னு எனக்கு அன்னைக்குத் தான் வெளங்குச்சு. ருசிக்காக மட்டும் இல்லீங்க.

இதோட சேந்த கேள்வி தான், ஆத்தா மட்டும் ஏன் கடைசியாச் சாப்பிடறாங்கங்கறது. தோசை ஊத்தறவ எப்படி ஒக்கார முடியும்னு எம்பொஞ்சாதி சமாளிச்சா. அம்மா சமாளிக்கலை. "அப்ப பானையில அளவாத் தான் இருக்கும் கண்ணு. மொதல்ல ஆம்பளைங்க, அப்பறம் பசங்க. மிச்சம் இருக்கறது தான் பொம்பளைங்களுக்கு. சில நாளு வெறும் தண்ணி தான் இருக்கும்"னாங்க. இப்ப பானை நெறையச் சோறு இருக்குது, பழக்கம் மட்டும் போகலை. அன்னைல இருந்து பேத்தி ஆத்தா வந்து ஒக்காந்தாத் தான் சாப்பிடுவேன்னு அடம். தோசை நாள்ல மருமவளும் மவனும் மாத்தி மாத்தி ஊத்தறாங்க. மவன் ஊத்தறது தோசை மாதிரி இருக்காது, அது வேற கதை.

அரிசி எப்படி எல்லாத்து ஊட்டுக்கும் வந்துச்சுங்கறதுல ரேசன் கடைக்கும் பெரிய பங்கு. 1967 தேர்தல்ல ரூவாய்க்கு மூணு படின்னு பேசி, சென்னையிலயும் கோயமுத்தூர்லயும் ஒரு படி குடுத்தாங்க. 2008ல ரேசன்ல கிலோ ஒரு ரூவா, 2011ல இலவசம். வாய்க்கால் நெலம் வச்சிருந்தவங்களுக்கு நெல்லக் குடுத்துச்சு. நெலம் இல்லாதவங்களுக்கு நெல்லஞ்சோறு கெடைச்சது ரேசன் கடையிலயும் பள்ளிக்கூடத்துலயும் தான். 1956ல காமராஜர் ஆரம்பிச்ச மதிய உணவு. நான் படிக்கறப்ப அதுல அமெரிக்காவுல இருந்து வந்த ரவையில கிண்டின உப்புமா. 1982 ஜூலை 1ல எம்.ஜி.ஆர். சத்துணவு ஆரம்பிச்சப்ப எனக்குப் பதிமூணு வயசு. முதல்ல ஒம்பது வயசு வரைக்கும் தான் குடுத்தாங்க. தம்பி தட்டத் தூக்கிக்கிட்டுப் போவான், நான் பாத்துக்கிட்டு நிப்பேன்.

இப்ப பேத்தி காலையிலயும் பள்ளிக்கூடத்துல தான் சாப்பிடறா. உப்புமா, பொங்கல், கிச்சடி. 2023ல இருந்து எல்லா அரசு ஆரம்பப் பள்ளிகளுக்கும் வந்த காலை உணவு. பக்கத்துல ஒக்காந்து சாப்பிடற புள்ள இவளுக்கு உசிர்த் தோழி, வளவுல இருந்து வர்ற புள்ள. போன மாசம் ஒரு ராத்திரி இவ ரசத்தப் பெசஞ்சுக்கிட்டே கேட்டா. "அப்பாரு, அந்தப் புள்ளையோட தாத்தாவுக்கு நம்மூட்டுல கொட்டாங்குச்சியில தான் ஊத்துவாங்களாம். நம்மூட்டுல தட்டு இல்லையா?"

எல்லாரும் கம்முனு ஆயிட்டோம். மவன் "சாப்பிடு கண்ணு, அதெல்லாம் அந்தக் காலம்"னான். அந்தக் காலம்னா எந்தக் காலம்ங்க? 1950ல அரசியல் சட்டத்துலயே தீண்டாமை ஒழிஞ்சதுன்னு எழுதியாச்சு. தீண்டாமைக் குற்றச் சட்டம் வந்தது 1955ல. வாய்க்கால் வேலை முடிஞ்ச அதே வருசம். வாய்க்கால்ல தண்ணி வந்ததை ஊரே சூடம் பத்த வச்சுக் கும்பிட்டுச்சு. சட்டம் வந்ததை எங்க ஊருல ஒருத்தரும் சொன்னதாத் தெரியலை. டீக்கடையில ரெட்டை டம்ளர் வச்சிருந்ததை நானே கண்ணால பாத்திருக்கேன். 2018ல அவிநாசிப் பக்கம் ஒரு அரசுப் பள்ளியில, சமைக்கறவங்க தாழ்த்தப்பட்ட சாதிங்கறதுக்காக அவங்க சமைக்கக் கூடாதுன்னு ஊர்க்காரங்க பிரச்சனை பண்ணி, அவங்கள எடம் மாத்தி, அப்பறம் பெரிய எதிர்ப்புக் கெளம்பித் திரும்ப அங்கயே போட்டு, வழக்கும் பதிவாச்சு. அது எந்தக் காலம்?

அதனால சொல்லிப்புடறதுன்னு முடிவு பண்ணேன். தட்டு இருந்துச்சு கண்ணு, வேணும்னே குடுக்கலை. அவங்க தொட்டா தீட்டுன்னு வச்சிருந்தாங்க. அவங்க தாத்தா நம்ம பண்ணையத்துல வருசச் சம்பளத்துக்கு இருந்தவர். சம்பளம் காசு இல்லை, கம்பு. ரெண்டு வேளை ஊட்டுப் பொறத்தால வந்து நிப்பார். இங்க இருந்து ஊத்துவாங்க. அப்படின்னு சொன்னேன்.

அவளுக்கு இது கணக்கா வரலை. "கம்பு அவங்க தானே வெதைச்சாங்க?"

ஆமா. ஏரு ஓட்டினது, களை எடுத்தது, அறுத்தது எல்லாம் அவங்களுந்தான். இன்னொண்ணும் சொன்னேன். கெணத்துல தண்ணி எறைக்கற சாலுக்கு அடியில தும்பிக்கை மாதிரி தோல் தொங்கும். அது வழியாத் தான் தண்ணி வாய்க்கால்ல விழும். அந்தத் தோலப் பதம் பண்ணித் தச்சுக் குடுத்ததும் அவங்க சனம் தான். அவங்க தச்ச தோல் வழியா வந்த தண்ணிய ஊரே குடிச்சுது. அதே கெணத்துல அவங்க ஒரு கொடம் மோந்துக்க முடியாது. கரண்ட் மோட்டார் வந்து சாலும் தோலும் போச்சு. கெணத்துக்கிட்ட வரக்கூடாதுங்கறது அதுக்கப்பறமும் ரொம்ப நாள் இருந்துச்சு.

பேத்தி அம்மா பக்கம் திரும்பினா. "பெரியாத்தா, நீங்களும் ஊத்துனீங்களா?"

மருமவ அவளத் தடுக்கப் பாத்தா. அம்மா கைய ஆட்டி வேண்டாம்னுட்டாங்க.

"ஊத்துனேன் சாமி. கலியாணமாகி வந்த புதுசுல எங்க மாமியா சொல்லிக் குடுத்தாங்க. கையில படாம இந்த ஒசரத்துல இருந்து ஊத்தோணும்." தட்டுக்கு மேல கைய ஒரு மொழ ஒசரத்துல புடிச்சுக் காட்டுனாங்க. "ஒசரத்துல இருந்து ஊத்துனா பாதி செதறும். குளுருக்கு அந்த மனுசனுக்குக் கை நடுங்கும். அது இன்னும் செதறும்."

"அப்பறம் பத்தலைன்னு கேப்பாரா?"

"கேக்க மாட்டார்."

அந்தத் தாத்தாவோட பேரென்னன்னு பேத்தி கேட்டா. அம்மா சொன்னாங்க. அவரோட பொண்டாட்டி பேரு, கொழந்தைங்க பேரு, அவரு ஓட்டின மாட்டு ஜோடி என்ன நெறம், எந்த வருசம் பண்ணையத்த விட்டுட்டுத் திருப்பூர்ல பனியன் கம்பெனி வேலைக்குப் போனார்னு எல்லாம் சொன்னாங்க. அடுத்த நாள் பள்ளிக்கூடம் போய் இவ அந்தப் புள்ளைக்கிட்ட அந்தப் பேரச் சொல்லியிருக்கா. அந்தப் புள்ளைக்குத் தாத்தாவோட முழுப் பேரு அப்பத் தான் தெரியுமாம். அடுத்த ஞாயித்துக்கெழமை அவளையும் அவங்க அப்பத்தாளையும் ஊட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டோம். புள்ள வந்துச்சு. அப்பத்தா வரலை. ஒடம்புக்கு முடியலைன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. ஒடம்பு தானான்னு நான் கேக்கலை.

வருசத்துக்கு எத்தனை வள்ளம் கம்பு, தீவாளிக்கு என்ன, கலியாணத்துக்கு என்ன, கடன் பாக்கின்னு எவ்வளவு புடிச்சாங்கன்னு அம்மா ஒரு கணக்குச் சொல்லிக்கிட்டு இருக்காங்க. பேத்தி கேக்கக் கேக்க நான் நோட்டுல எழுதிக்கறேன். முடிஞ்சதும் அதைத் தனிப் பதிவாப் போடறேன்.